முதல் யந்திரம் எது?

முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். தகப்பனார் தச்சுத் தொழிலாளர். மகனும் தொழிற்பயிற்சி முடித்துத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழுடன் வீட்டுக்கு வந்திருக்கிறார். வீட்டின் பின்புறத்திலே கிடுகுக் கொட்டிலாக இருந்த பட்டறைக்கு இப்பொழுது தகரக் கூரை போட்டாயிற்று. கடனாக ஒரு தொகை கிடைக்கவிருக்கிறது. அதைக் கொண்டு ஒரேயொரு யந்திரந்தான் வாங்கலாம். மரத்தை அரிவதற்கு மரக்காலை இருக்கிறது. பலகையைச் சீவித் தருவதற்கும் அங்கே ஆள் உண்டு. கதவின் ஓரத்திலே வளைவு வரம்பு இழுக்கவும், கதிரைக் காலை வளைத்தெடுக்கவும், யன்னற் சட்டத்திலே கண்ணாடிக்குக் காடி வெட்டவும் எதை வாங்குவது என்பதே அவருடைய வினா. கையிற் பிடிக்கும் றவுட்டரா, நிலத்தில் நிற்கும் ஸ்பிண்டில் யந்திரமா, பட்டைவாளா, அல்லது எல்லாவற்றையும் விட மலிவாகக் கிறைண்டரிலே பூட்டும் பல்வட்டா என்று நான்கையும் வரிசையாக எழுதியிருக்கிறார்.

கடிதத்தின் அடியிலே இன்னொரு வரியும் உண்டு. “உளியும் இருக்கிறது, கையும் இருக்கிறது, கடன் எதற்கு என்று ஐயா கேட்கிறார்.”

இந்த வரிக்காகவே இவ்வாரப் பகுதி முழுவதையும் இக்கடிதத்துக்கு ஒதுக்கினோம்.

தகப்பனாருடைய கேள்வியை எளிதாகத் தள்ளிவிடலாகாது. 1990க்குப் பின்னர் போர் முடியும்வரை கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளிற் பெரும்பாலான ஊர்களுக்குத் தேசிய மின்கம்பி வழியாக மின்சாரம் வரவில்லை. மண்ணெண்ணெய்க்கே வழியில்லாத அக்காலத்தில் மின்யந்திரத்தைப் பற்றி யார் எண்ணினார்? ஒரு தலைமுறைத் தச்சர்கள் வாளும் வாய்ச்சியும் சீவுளியும் கொண்டே கட்டில் செய்தார்கள், படகு பழுதுபார்த்தார்கள், இடம்பெயர்ந்த ஒவ்வோரிடத்திலும் கொட்டிலுக்குக் கப்பு நாட்டினார்கள். பெட்டியில் அடக்கித் தோளிலே தூக்கிச் செல்லக் கூடியது மட்டுமே அவர்களுக்கு ஆயுதம். அத்தகைய ஒருவருக்கு, நிலத்திலே போல்ற் அடித்து நிறுத்துகின்ற யந்திரத்திற் கடன் பணத்தைப் போடுவது வீண் துணிச்சலாகவே தோன்றும். அந்த எண்ணத்தைப் பழமைப்பற்று என்று நாம் சொல்லமாட்டோம்.

அவருடைய மற்றோர் அச்சமும் புதியதன்று. இங்கிலாந்திலே போர்ட்ஸ்மவுத் கடற்படைத் தளத்தில், பாய்க்கப்பல்களுக்கு வேண்டிய கப்பிகளை மரத்திலே கடைவதற்காக மார்க் இசம்பார்ட் புரூனல் என்பவர் வகுத்த யந்திரங்கள் 1808 அளவில் முழுமையாக ஓடத் தொடங்கின. நாற்பத்தைந்து யந்திரங்கள். 110 தேர்ந்த தொழிலாளர் செய்துவந்த வேலையைப் பயிற்சியற்ற 10 பேர் செய்தனர். ஆண்டொன்றுக்கு 1,30,000 கப்பிகள் வெளிவந்தன. மரவேலை யந்திரத்தின் சரித்திரம் அவ்விடத்திலேதான் பெருகத் தொடங்குகிறது. கைத்தொழிலாளியின் கவலையும் அவ்விடத்திலேயே தொடங்குகிறது.

ஆனால் காலம் மாறியிருக்கிறது. போருக்குப் பின்னர் வன்னியில் எழுந்த வீடுகள் எத்தனை! இந்திய அரசு 2010இல் அறிவித்த வீட்டுத் திட்டத்திலே மட்டும் வடக்குக்கும் கிழக்குக்குமாக 46,000 வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் நிலை, கதவு, யன்னல் வேண்டுமே. ஒரு கதவின் நான்கு சட்டங்களுக்கும் வளைவு வாயுடைய சீவுளியால் வரம்பு இழுக்கத் தேர்ந்த தச்சருக்கும் அரை நாளாகும். அதற்கு அரை நாட் கூலி கொடுக்க இன்று எவரும் ஆயத்தமில்லை. ஆகவே யந்திரம் வேண்டியதே. எந்த யந்திரம் என்பதே கேள்வி.

கிறைண்டரை முதலில் எடுத்துக்கொள்வோம். அதைப்பற்றிச் சொல்லவேண்டியது அதிகம். 1954இல் ஜெர்மனியிலே உருவான இந்த யந்திரம் இரும்பை அராவுவதற்கும் வெட்டுவதற்குமே பிறந்தது. நம் ஊர்களில் ஒவ்வொரு வீட்டிலும் அது இருப்பதால், அதன் தேய்கல்லைக் கழற்றிவிட்டு மரம் அரியும் பல்வட்டைப் பூட்டி, அதனாலேயே நிலைக்குக் காடி வெட்டுகிறார்கள்; கதிரைக் கையை வளைக்கிறார்கள்; உத்தரம் அறுக்கிறார்கள். பல்வட்டைப் பூட்டுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று காப்பு மூடியையும் கழற்றி எறிந்துவிடுகிறார்கள்.

100 மில்லிமீற்றர் வட்டுடைய கிறைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 தடவை சுழலும். வட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகின்றது என்பது இதன் பொருள். ஏ-9 வீதியில் ஓடும் பஸ்கள் அந்த வேகத்திற் பாதியைக்கூட எட்டலாகாது. (எட்டுகின்றனவா என்பது வேறு கதை.) மரம் அரியும் வட்டுக்கள் பல இதற்கு மிகக் குறைந்த வேகத்துக்கே செய்யப்பட்டவை, அதன் எல்லை வட்டின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். தேய்கல் இரும்பைத் துகள் துகளாகத் தேய்க்கும். ஆனால் பல் மரத்தைக் கடித்துப் பிடிக்கும். பிடித்த கணத்தில், மரம் அசையாவிட்டால் யந்திரம் அசைந்தாகவேண்டும். அது கையை நோக்கியோ கழுத்தை நோக்கியோதான் வரும். கிறைண்டரிலே பல கருவிகளின் ஆளி, விரலை எடுத்ததும் தானே நின்றுவிடாத வகையில் அமைந்திருப்பது ஆபத்தை இரட்டிப்பாக்குகிறது.

இதைப் புத்தகத்தைப் பார்த்து எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நாமும் ஒரு கடையிலே, “இதுவும் பூட்டலாம் ஐயா, எல்லாரும் பூட்டுகிறார்கள்” என்ற வார்த்தையை நம்பி அவ்வாறான வட்டொன்றை வாங்கிப் பாலைக் குற்றியொன்றில் வைத்தோம். மூன்றாவது வெட்டிலே அது துள்ளிப் பெருவிரலின் அடியைக் கிழித்துச் சென்றது. ஏழு தையல். நரம்பு தப்பியது நமது கெட்டித்தனத்தால் அன்று. அன்று மாலையே அந்த வட்டைச் சுத்தியலால் வளைத்துக் கிணற்றடியில் புதைத்துவிட்டோம். தம்பி, நான்கில் இதை முதலில் வெட்டிவிடுங்கள். விலை குறைவு என்பது உண்மை. ஆனால் ஒரு தச்சனுடைய விரலின் விலை அந்தக் கணக்கிலே சேர்க்கப்படவில்லை.

பட்டைவாளைப் பற்றி நீட்டவேண்டியதில்லை. இரண்டு சில்லுகளின்மேல் நாடாவைப்போல ஓடும் வாள் அது. 1808இலேயே இலண்டனில் அதற்கு உரிமை பெற்றுவிட்டார்கள். எனினும் நாடாவின் இரு முனைகளையும் அறாமல் ஒட்டும் வழி தெரியாமையால் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அது பயன்படாமற் கிடந்தது. வளைவான காலையும் சாய்மானத்தையும் வெட்டியெடுக்க அதனினும் நல்லது இல்லை. ஆயினும் அது வெட்டித் தரும் வளைவு கரடுமுரடானது. வரம்பு இழுக்காது, காடி வெட்டாது. இரண்டாவது யந்திரமாக வாங்கவேண்டியது. தம்பி கதிரை செய்வதை மட்டுமே தொழிலாகக் கொண்டிருந்தால் நமது விடை வேறாக இருந்திருக்கும்.

எஞ்சியவை றவுட்டரும் ஸ்பிண்டிலும். இரண்டும் ஒரே தத்துவந்தான்: வேண்டிய வடிவத்திலே வாய் வைத்த அலகு வேகமாகச் சுழல, அந்த வடிவம் மரத்திலே பதிகின்றது. றவுட்டரில் யந்திரத்தை மரத்தின்மேல் நடத்துகிறோம். ஸ்பிண்டிலில் மரத்தை யந்திரத்துக்குள் தள்ளுகிறோம். கையிற் பிடிக்கும் மின்சார றவுட்டர் முதலாம் உலகப் போர்க் காலத்திலே அமெரிக்காவில் கார்ட்டர் என்பவராற் செய்யப்பட்டது. முடி திருத்துவோர் பயன்படுத்திய மின்கத்தரியின் மோட்டோரையே அவர் முதலில் எடுத்து மாற்றியமைத்தார் என்பர்.

ஸ்பிண்டில் வலிமையானது. பருத்த அலகுகளைக் கொண்டு ஒரே இழுப்பில் ஆழமான வரம்பை வெட்டும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான அடி சட்டம் ஓட்டும் பட்டறைக்கு அதுவே தகும். ஆனால் அது மரத்தைக் கவ்வும்போது கையையும் சேர்த்து இழுக்கவல்லது. ஐரோப்பாவிலே கையால் மரம் தள்ளும் ஸ்பிண்டில்களில், அலகு தனது கட்டையைவிட 1.1 மில்லிமீற்றருக்கு மேல் துருத்தி நிற்கலாகாதென விதி செய்திருக்கிறார்கள். நமது சந்தையிற் கிடைக்கும் பழைய யந்திரங்களில் அத்தகைய கட்டையைக் காண்பது அரிது.

மின்சாரத்தின் கணக்கையும் பார்க்கவேண்டும். 3 குதிரைவலு மோட்டோர் ஒற்றைக் கட்ட மின்சாரத்தில் ஓடும்போதே 13, 14 அம்பியர் இழுக்கும். தொடங்கும் கணத்தில் அதன் பல மடங்கு. வீட்டு இணைப்பு 15 அம்பியராக இருந்தால் ஆளி விழுந்துவிடும். 30 அம்பியருக்கோ மூன்று கட்டத்துக்கோ மாறவேண்டும். அது கடனுக்கு மேற் கடன். 1,500 வாற்று றவுட்டரோ 6.5 அம்பியருடன் அமைதியடையும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியிலே நாளொன்றுக்குப் 13 மணிநேரம் மின்சாரம் நின்றதை நாம் மறக்கவில்லை. அவ்வாறான நாளிலே றவுட்டரைச் சிறியதொரு ஜெனறேற்றரிலேனும் ஓட்டலாம். ஸ்பிண்டில் நிலத்திலே சிலையாக நிற்கும்.

வயரைப் பற்றியும் ஒரு சொல். வீட்டிலிருந்து பட்டறைக்கு 50 மீற்றர் தூரம் மெல்லிய, ஒரு சதுர மில்லிமீற்றர் வயரிலே மின்சாரம் கொண்டு சென்றால், றவுட்டர் ஓடும்போது ஏறக்குறைய 12 வோல்ற்று வழியிலேயே வெப்பமாகப் போய்விடும். ஊரின் கடைசிக் கம்பத்திலே முன்னமே குறைந்து வருகின்ற அழுத்தத்தில் இதுவும் குறைந்தால் மோட்டோர் சூடேறும். இரண்டரைச் சதுர மில்லிமீற்றர் வயர் போடுங்கள். உருளையிற் சுற்றிய வயரானால் முழுவதையும் அவிழ்த்துவிட்டே யந்திரத்தை முடுக்குங்கள்.

இனி மரம். மரத்தை எண்ணாது யந்திரம் வாங்குவது, மாட்டைக் காணாமல் வண்டில் வாங்குவது போன்றது.

வன்னியின் பெருமைக்குரிய மரம் முதிரை. 1833இலே பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 200 அடிக்கு மேற்பட்ட ஒரே வளைவாக முதிரை மரப் பாலம் கட்டினார்கள். 1905இல் மாற்றுப் பாலம் அமையும்வரை அது நின்றது. அத்தகைய மரத்தின் நார் ஒரு திசையில் ஓடாது. ஒரு விரற்கடை இப்புறம் சாயும், அடுத்த விரற்கடை அப்புறம் சாயும். தட்டிலே பட்டுப்போல் மின்னுகின்ற அழகு அதனாலேயே வருகிறது; அலகு ஆழமாகக் கடித்தாற் சிம்பு பெயர்வதும் அதனாலேயே. முதிரையிலும் பாலையிலும் ஒரு தடவைக்கு 3 மில்லிமீற்றருக்கு மேல் இறக்கவேண்டாம். கடைசித் தடவை அரை மில்லிமீற்றர் போதும். தேக்கு மிருதுவானதென்று எண்ணுவோர் பலர். அதன் உள்ளே நுண்ணிய மணற்சத்து இருக்கிறது. சாதாரண உருக்கு அலகு விரைவில் மழுங்கும். காபைட் நுனி வைத்த அலகையே வாங்கவேண்டும்.

முதிரைத் தூள் சிலருடைய தோலிலே அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். எம்மரத் தூளாயினும் மூக்கினுள் ஆண்டுக்கணக்கிற் படிவது புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1995இல் உறுதியாக வெளியிட்டது. உளி சிராயைத் தள்ளும். றவுட்டர் புகைபோலத் தூளைப் பறக்கவிடும். தகப்பனார் நாற்பது ஆண்டுகள் துணி கட்டாமல் வேலை செய்தார் என்பது மகனுக்கு நியாயமாகாது. முகத்துக்குச் சரியான மூடியும், காதுக்கு அடைப்பும், கண்ணுக்குக் கண்ணாடியும் யந்திரத்தின் விலையோடு சேர்ந்தவை என்றே கணக்கெழுதுக.

வன்னிக்கே உரிய இன்னொரு சங்கதி இருக்கிறது. அயல்நாட்டுக் கையேடுகளில் இதனைக் காண்பது அரிது. 2009க்கு முன்னர் வளர்ந்து நின்ற வேம்பிலும் தேக்கிலும் மாவிலும் எறிகணைச் சிதறல்களும் சன்னங்களும் புதைந்து கிடக்கின்றன. மரம் தன் காயத்தை மூடிக்கொண்டு வளர்ந்துவிடும். வெளியே தழும்புகூடத் தெரியாது. பிரான்சிலே முதலாம் உலகப் போர் நடந்த வெர்டன் பகுதிக் காடுகளில் நூறாண்டு கடந்தும் இதே துன்பந்தான். அங்கே போரைக் கண்ட மரத்துக்குத் தனிப் பெயரே உண்டு. மரம் அரிவோர் உலோகம் காணும் கருவியாற் சோதித்த பின்னரே வாளில் ஏற்றுவார்கள்.

உளி இரும்பிற் பட்டால் வாய் போகும், தீட்டிக்கொள்ளலாம். நிமிடத்துக்கு 20,000 தடவை சுழலும் காபைட் அலகு இரும்பிற் பட்டால் நொறுங்கிப் பறக்கும். காபைட் கடினமானது, ஆனால் கண்ணாடிபோல் உடையவல்லது. ஆகவே சோதனை வேண்டும். பலகையிலே காரணமில்லாமல் நீலம் கறுத்த கறை ஓடியிருந்தால் உள்ளே இரும்பு உண்டென்று ஐயுறுக. மரத்தின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து அந்தக் கறையை உண்டாக்கும். காந்தம் மட்டும் போதாது. சன்னத்தின் ஈயமும் செம்பும் காந்தத்துக்கு அகப்படா. கையிற் பிடித்துப் பார்க்கும் சிறிய உலோகங்காணி ஒன்றை நாலைந்து பட்டறைகள் சேர்ந்தாவது வாங்கி வைத்திருப்பது நல்லது. பெரிய உலோகத் துண்டு எதுவும் வெடிபொருளோ என்ற ஐயத்தைத் தருமாயின், அதைக் கிண்டாமல் விலகி நின்று பொலிசாருக்கு அறிவியுங்கள்.

இவையனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், முதலில் வாங்கவேண்டியது றவுட்டர் என்பதே நமது துணிபு. அதுவும் கண்ட றவுட்டர் அன்று. 1,500 வாற்றுக்குக் குறையாததாகவும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு உடையதாகவும், அரை அங்குல அலகைப் பிடிக்கக் கூடியதாகவும் பார்த்து வாங்குக. வேகத் திருகு ஏன் வேண்டுமெனின், 12 மில்லிமீற்றர் அலகு 24,000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு 54 கிலோமீற்றரே செல்லும். 50 மில்லிமீற்றர் அலகு அதே சுற்றில் 226 கிலோமீற்றரைத் தொட்டுவிடும். பெரிய அலகுக்கு வேகத்தைப் பாதியாக்கவேண்டும். மேலும், அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். 12 மில்லிமீற்றர்த் தண்டுடைய அலகும் அதே கடையில், அதே கண்ணாடிப் பெட்டியிற் கிடக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இறுக்கினாற் பிடித்ததுபோலவே இருக்கும்; ஓடும்போது கழன்று வரும். அளந்து வாங்குக.

பலகையின் வெளிவிளிம்பிலே யந்திரத்தை நடத்தும்போது, விளிம்புக்கு எதிரே நின்று இடமிருந்து வலமாகவே கொண்டு செல்லவேண்டும். மாறி நடத்தினால் அலகு மரத்தின்மேல் ஏறி ஓடும். நார் அறுபட்ட முனைகளை முதலிலும் நீளப் பக்கங்களைப் பின்னரும் வெட்டினால், முனையிலே பெயர்ந்த சிம்பு அடுத்த வெட்டிலே மறைந்துவிடும்.

ஸ்பிண்டில் ஆசையை முற்றாகக் கைவிட வேண்டியதில்லை. தடித்த ஒட்டுப்பலகையில் துளையிட்டு, றவுட்டரைத் தலைகீழாக அடியிற் பூட்டி, நேரான சட்டமொன்றை வேலியாக நிறுத்தினால் அதுவே சிறிய ஸ்பிண்டில். (அப்பொழுது அலகு எதிர்த்திசையிற் சுழல்வதாகத் தோன்றும், மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ளவேண்டும்.) அம்மேசையைத் தம்பி தாமே செய்யலாம். அதைச் செய்யத் தெரியாதவருக்கு யந்திரமே வேண்டாம்.

பட்டணங்களிலே கணினி சொல்லச் சொல்லக் கதவில் மயிலும் தாமரையும் செதுக்கும் யந்திரங்கள் வந்துவிட்டன. தட்டையான பூவேலையில் அவற்றோடு போட்டியிடுவது பயனற்றது. கோணலான சுவருக்கு நிலை பொருத்துவதும், பழைய கதவின் உடைந்த வரம்புக்கு இணையாகப் புதியது இழைப்பதும், வாங்கின் கைக்கு வளைவு வைப்பதும் அவற்றால் ஆகாதவை.

வளைவு என்றதும் தகப்பனார் நினைவுக்கு வருகிறார். றவுட்டருக்கு வளைவு தெரியாது. அதற்கு மெல்லிய பலகையிலே அச்சு வெட்டிக் கொடுக்கவேண்டும். அலகின் முனையிலுள்ள சிறு உருளை அந்த அச்சின் ஓரமாக ஓடி, அதே வடிவத்தை மரத்திலே வெட்டும். அச்சிலே ஒரு நெளிவு இருந்தால் இருபது கதிரைக் கைகளிலும் அந்த நெளிவு வரும். ஆகையால் அச்சை வரைவதையும், வாளால் அரிந்து அரத்தால் அராவி விரலைத் தடவிப் பார்த்துச் சரிசெய்வதையும் தகப்பனாரிடமே கேளுங்கள். “உளியும் கையும் இருக்கிறது” என்று அவர் சொன்னது இந்த வேலைக்கு முற்றிலும் பொருந்தும். முதல் அச்சு அவர் கையால் ஆகட்டும். கடன் பத்திரத்திலே கையெழுத்து வைப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

உளி தீட்டும் கற்களைப் பற்றி அடுத்த ஞாயிறு எழுதுவோம். ஐயாவிடம் இருப்பது எண்ணெய்க் கல்லா தண்ணீர்க் கல்லா என்பதைத் தம்பி அதற்குள் ஒரு தபாலட்டையில் அறிவித்தால் உதவியாக இருக்கும்.